பத்தாம் வகுப்பு தொடங்கும் பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்து கொடுக்கலாம்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், மதுரைப் பக்கம் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரே கேள்விதான்: "இந்த வருசம் பத்தாப்பா? நல்லாப் படிக்கணும், என்ன?" கேட்கிறவர்கள் பிரியமாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் நல்லாப் படிப்பது என்றால் இன்று சாயங்காலம் எந்த நோட்டை எடுத்து எதைச் செய்வது என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளைக்குப் பயம் கூடுகிறது, பெற்றோருக்குப் பதற்றம் கூடுகிறது. கடைசியில் "நமக்கு என்ன தெரியும், நல்ல டியூஷனாப் பார்த்துச் சேர்த்துவிடுவோம்" என்று முடிகிறது.

பாடம் சொல்லித் தருவது ஆசிரியரின் வேலை. அதை வீட்டில் செய்ய முடியவில்லையே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. வீட்டில் செய்ய வேண்டிய வேலை வேறு; அதில் தலையானது, திருத்தி வந்த விடைத்தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்ப்பது. மதிப்பெண்ணை எல்லாரும் பார்க்கிறோம். தாளைப் பார்ப்பவர்கள் குறைவு. எட்டாவதோடு படிப்பை விட்ட அப்பாவும் அம்மாவும்கூட இதைச் செய்ய முடியும். அதை எப்படிச் செய்வது என்பதை விரிவாகப் பார்ப்போம். இங்கே சொல்வது மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கானது.

முதலில் தேர்வைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று 5 பாடங்கள். தலா 100, மொத்தம் 500. ஒவ்வொரு பாடத்திலும் 35 எடுத்தால் தேர்ச்சி. அறிவியலில் மட்டும் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 எடுத்தாக வேண்டும். செய்முறைத் தேர்வு பொதுத்தேர்வுக்கு முன்பே பள்ளியில் முடிந்துவிடும். ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்தில் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், கையில் வந்து விழ வேண்டிய மதிப்பெண் போய்விடும். சோதனை செய்த அன்றே ரெக்கார்டு எழுதியாயிற்றா என்று மாதம் ஒரு முறை கேளுங்கள்.

இப்போதுள்ள பாடப்புத்தகங்களும், மொழிப்பாடத்துக்கு ஒரே தாள் என்ற முறையும் 2019-20 கல்வியாண்டில் வந்தவை. அதற்கு முன் படித்த அண்ணன், அக்காவின் கைடும் நோட்டும் இப்போது உதவாது. அவற்றைப் பிள்ளையின் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தேர்வு நாளில் 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். வாசிக்க 10 நிமிடம், விடைத்தாளில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். 10.15 முதல் 1.15 வரை எழுத வேண்டும். கணிதத் தாளின் அமைப்பு இது: ஒரு மதிப்பெண் வினா 14; இரண்டு மதிப்பெண் வினா 14-இல் 10; ஐந்து மதிப்பெண் வினா 14-இல் 10; கடைசியாக எட்டு மதிப்பெண்ணில் இரண்டு, ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம். 14, 20, 50, 16 சேர்த்து 100. இரண்டு மதிப்பெண் பகுதியில் 28-ஆம் வினாவும் ஐந்து மதிப்பெண் பகுதியில் 42-ஆம் வினாவும் கட்டாயம். அறிவியலில் ஒரு மதிப்பெண் 12, இரண்டு மதிப்பெண் 7, நான்கு மதிப்பெண் 7, ஏழு மதிப்பெண் 3, சேர்த்தால் 75. இந்த அமைப்பை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வருடம் முழுக்க வேலைக்கு ஆகும்.

ஜூன் மாதத்திலேயே முடிக்க வேண்டியவை

கண். பின் பெஞ்சில் உட்காரும் பிள்ளை கரும்பலகையைப் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா, சாயங்காலம் தலைவலி என்கிறானா என்று கேளுங்கள். ஒரு நாள் அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போய்ப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி தேவைப்படுவது தெரியாமலே "கணக்கு வரல" என்று பெயர் வாங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. பத்தாவதில் திணறுகிறவர்களில் பலருக்குப் பத்தாம் வகுப்புப் பாடம் கஷ்டமில்லை; கழித்தல் குறி, பின்னம், காரணிப்படுத்துதல் ஆகியவற்றில் பழைய ஓட்டை இருக்கும். "உறவுகளும் சார்புகளும்" என்ற முதல் பாடம் ஓரளவு எளிது, அதில் இந்த ஓட்டை தெரியாது. மூன்றாவதான இயற்கணிதம் வரும்போதுதான் தெரியும். அதற்குள் காலாண்டு நெருங்கிவிடும். அதனால் ஜூன், ஜூலையில் தினம் 15 நிமிடம் ஒன்பதாவது புத்தகத்தின் இயற்கணிதப் பயிற்சியிலிருந்து 5 கணக்கு போட வையுங்கள். ஆறு வாரம் போதும்.

எழுத்துக்கூட்டிப் படிப்பதில் பெரிய சிரமம், எழுத்து தலைகீழாக வருவது, கை நடுங்குவது போன்றவை இருந்தால் ஜூனிலேயே தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. அதற்கு மருத்துவச் சான்று வாங்கி, பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பரில் ஓடினால் பதற்றம்தான் மிஞ்சும்.

நாலு மணிக்கு எழுப்பாதீர்கள்

"விடியக்காலை நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிச்சா மண்டைல நிக்கும்" என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. இரவு எட்டரைக்குத் தூங்கியவருக்கு அது சரி. பதினோரு மணிக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் ஐந்து மணி நேரத் தூக்கம்தான். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். படித்தது நினைவில் ஊன்றுவதே தூக்கத்தில்தான். வளரும் வயதில் தூக்கம் வரும் நேரம் இயல்பாகவே தள்ளிப்போகும்; அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது நியாயமில்லை.

பள்ளி நாளுக்கு இப்படி வைத்துப் பாருங்கள். காலை 5.30-க்கு எழுந்து, 5.45 முதல் 7 வரை கணிதம். சாயங்காலம் வீடு வந்து சாப்பிட்டு, விளையாடி, 6.30 முதல் 7.45 வரை அன்றைய வீட்டுப்பாடமும் மறுநாள் டெஸ்ட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 8.15 முதல் 9.15 வரை பார்க்காமல் எழுதிப் பார்ப்பது. 9.30-க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். மொத்தம் மூன்றரை மணி நேரம். ஜூன் முதல் டிசம்பர் வரை இதை ஒழுங்காகச் செய்தால் தாராளம். காலையில் எழ முடியாத பிள்ளைக்குக் கணிதத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நேரம் என்பதைவிடத் தினமும் அதே நேரம் என்பதுதான் பழக்கத்தை உண்டாக்கும்.

சாயங்கால விளையாட்டை வெட்டுவதுதான் வீடுகளில் முதலில் நடக்கிறது. அதை விட்டுவையுங்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஐந்தரைக்கு வரும் பிள்ளைக்கு, பந்தோ சைக்கிளோ முக்கால் மணி நேரம் இருந்தால்தான் ஆறரைக்கு உட்கார உடம்பு இடம்கொடுக்கும்.

தனி அறை எல்லா வீட்டிலும் இருக்காது. செல்லூரில் தறிச்சத்தத்துக்கு நடுவே படிக்கிற பிள்ளைகளும் உண்டு. வேண்டியது ஒரே இடம், முகம் சுவரைப் பார்த்த மாதிரி, நல்ல வெளிச்சம், அந்த ஒரு மணி நேரம் டிவி அணைந்திருப்பது. பிள்ளையை உள்ளே உட்கார வைத்துவிட்டு வெளியே சீரியல் ஓடினால் காது அங்கேதான் இருக்கும். வீட்டில் முடியவே முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகம், புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் என்று இடம் இருக்கிறது.

கைபேசி. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் வருகிறது என்பதால் "பார்க்காதே" என்று சொல்ல முடியாது. ஆறு மணிக்கு உங்கள் போனிலேயே குழுவைத் திறந்து, வந்ததை நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லி, போனை வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். மேசையில் கவிழ்த்து வைத்தாலும் மனசு அதிலேதான் இருக்கும். இந்த விதி அந்த நேரத்தில் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் நிற்காது.

படித்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது

சத்தம் போட்டு வாசிப்பதைக் கேட்டால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் பத்து முறை வாசித்ததைப் புத்தகத்தை மூடி எழுதச் சொன்னால் பாதி வராது. வாசிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பது பழக்கத்தால் வரும் மயக்கம். புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எடுக்கும்போதுதான் மனதில் தடம் ஆழமாகிறது. ஒருதடவை வாசித்து, மூடி, எழுதி, திறந்து, விட்டதைச் சிவப்பில் நிரப்ப வேண்டும். அதே வினாவை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் திரும்ப எழுத வேண்டும்.

இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. பாடத்தின் பின்பக்க வினாக்களை நீங்கள் வாசித்துக் கேட்கலாம். அறிவியலின் முதல் பாடம் "இயக்க விதிகள்". "நிலைமம்னா என்ன?" என்று நீங்கள் கேட்க, பிள்ளை சொல்ல, புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்பார்க்க இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே, கடையில் உட்கார்ந்துகொண்டே தினம் பத்துக் கேள்வி. பின்பக்க வினாவோடு நின்றுவிடக் கூடாது. பாடத்தின் உள்ளே இருந்தும் கேட்கிறார்கள். பாடத்தைப் புரட்டி, பெட்டிச் செய்தி, படத்துக்குக் கீழுள்ள வரி ஆகியவற்றிலிருந்தும் ஒன்றிரண்டு கேளுங்கள்.

விடைத்தாள் வீட்டுக்கு வரும் நாள்

ஆகஸ்டு வாக்கில் முதல் இடைத்தேர்வு, செப்டம்பரில் காலாண்டு, பிறகு இரண்டாம் இடைத்தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, அதன் பின் திருப்புதல் தேர்வுகள் என்று வரிசையாகத் தாள்கள் வரும். ஒவ்வொன்றும் பிள்ளைக்கு எங்கே வழுக்குகிறது என்று சொல்லும் கடிதம். ஆனால் "எத்தனை மார்க்கு?" என்பதுதான் வாசலில் கேட்கும் முதல் கேள்வி என்றால் குறைந்த மதிப்பெண் தாள்கள் வீட்டுக்கே வராது. பைக்குள் மடிந்து கிடக்கும். கையெழுத்தும் தானாகவே விழுந்துவிடும். "பேப்பரக் கொண்டா தம்பி, எங்கெங்க விட்டுருக்கன்னு பாப்போம்" என்று தொடங்குங்கள். அந்த அரை மணி நேரத்தில் மொத்த மதிப்பெண்ணைப் பற்றியும், சித்தப்பா மகள் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றியும் பேச வேண்டாம்.

40 பக்க நோட்டு ஒன்றை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போன ஒவ்வொரு இடத்திலும் ஏன் போனது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லி எழுதுங்கள். காரணங்கள் பெரும்பாலும் இவைதாம்: படிக்கவே இல்லை, படித்தது நினைவுக்கு வரவில்லை, கேள்வி கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று, நேரம் போதவில்லை, தெரிந்தும் குறையாக எழுதியது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் போயிற்று என்று கூட்டுங்கள்.

ஒரு பிள்ளை கணிதத்தில் 58 எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போனது 42. அதைப் பிரித்துப் பார்த்தால் தெரியாத பாடத்தால் 14, நேரம் போதாமல் விட்டது 13, கூட்டல் கழித்தல், குறி மாறியது 8, வரைதலில் பாதியில் நின்றது 7. அதாவது 28 மதிப்பெண் தெரிந்த இடத்திலேயே போயிருக்கிறது. டியூஷன் 14-க்கு மருந்து. மீதி 28-க்கு மருந்து வீட்டு மேசையில் இருக்கிறது. இந்தக் கணக்கைப் போடாமல் "இன்னொரு டியூஷன் போடுவோம்" என்று கிளம்பினால் பணமும் நேரமும் போய், அடுத்த தாளிலும் அதே 28 போகும்.

நேரம் போதாமைக்குப் பரிகாரம், கடிகாரத்தை வைத்துப் பகுதி பகுதியாக எழுதிப் பழகுவது. கணிதத்தில் ஒரு மதிப்பெண் வினாக்கள் முழுவதற்கும் 15 நிமிடம். இரண்டு மதிப்பெண்ணுக்கு 35. ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்றுக்கு 8 வீதம் 80. வரைதல் இரண்டுக்கும் 30. மொத்தம் 160 நிமிடம், சரிபார்க்க 20 நிமிடம் மிஞ்சும். முழுத் தாளையும் ஒரேயடியாக எழுதச் சொல்ல வேண்டாம். ஒரு ஞாயிறு இரண்டு மதிப்பெண் பகுதி மட்டும் 35 நிமிடத்தில், அடுத்த ஞாயிறு ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து மட்டும் 40 நிமிடத்தில். நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ஒரே கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்பதுதான். இரண்டு நிமிடம் அடி நகரவில்லை என்றால் இடம் விட்டு அடுத்ததற்குப் போகப் பழக வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இப்படி விட்டுப் போக மனசு வராது. அவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

குறையாக எழுதுவதில் சில, பார்த்தவுடன் உங்கள் கண்ணுக்கே தெரியும். ஒரு மதிப்பெண் வினாவில் "ஆ" என்று மட்டும் எழுதியிருக்கும். வினாத்தாளில் குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கும். வினா எண் மாறியிருக்கும், அல்லது இல்லவே இல்லாமல் இருக்கும். அறிவியல் கணக்கில் 5 கிலோகிராம், 2 மீ/வி² என்று கொடுத்து விசை கேட்டால் "10" என்று நிற்கும். "10 நியூட்டன்" என்று அலகோடு முடிந்தால்தான் முழு மதிப்பெண். வேதிச் சமன்பாடு சமன் செய்யாமல் இருக்கும். படத்தில் பாகம் குறித்திருக்காது. கட்டாய வினாவை விட்டுவிட்டு வேறு பத்து எழுதியிருக்கும்; அப்படி எழுதினால் ஒன்பதுக்குத்தான் மதிப்பெண். இவற்றில் எதையும் கண்டுபிடிக்கப் பாடம் தெரிய வேண்டாம், வினாத்தாளையும் விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

மொழித் தாள்களில் எழுத்துப்பிழையை எண்ணுங்கள். தமிழில் ற-ர, ல-ள-ழ, ந-ண-ன மாறுவது, ஒற்று விடுவது. தவறிய சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவைத்து வாரம் பத்துச் சொல் சொல்லி எழுத வைத்தால் மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். தமிழிலும் ஆங்கிலத்திலும் மனப்பாடப் பாடல் உண்டு; அதைப் படித்து ஒப்பிப்பதோடு விட்டுவிடாமல் அடி பிரித்து எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

தாள் வந்த இரண்டாம் நாள், தவறிய வினாக்களை மட்டும் பார்க்காமல் மறுபடி எழுத வேண்டும். அதே நாளில் எழுதினால் ஆசிரியர் சொன்னது காதிலேயே இருக்கும், வந்துவிடும். இரண்டு நாள் கழித்து வந்தால்தான் வந்தது. எல்லாத் தாள்களையும் ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள். அரையாண்டு வரும்போது "குறையாக எழுதியது" என்ற கணக்கு காலாண்டைவிடக் குறைந்திருந்தால், மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அன்றைக்கு மனமாரப் பாராட்டுங்கள்.

கணக்கில் பயந்த பிள்ளைக்கு

வரைதலுக்கு உள்ள 16 மதிப்பெண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். ஒத்த முக்கோணம் வரைதல், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் கொடுத்து முக்கோணம் வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு வரைதல் என்று வகைகள் எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. வாரம் இரண்டு படம் போட்டால் டிசம்பருக்குள் எல்லா வகையும் பல முறை கை கடந்துவிடும். உதவிப்படம், வரைமுறைப் படிகள், அளவு குறித்தல் மூன்றும் இருக்க வேண்டும். காம்பஸ் திருகு தளர்ந்திருந்தால் வில் விலகும், படம் மூடாது, பிள்ளை தனக்கு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். நல்ல காம்பஸ் ஒன்று வாங்கிக்கொடுத்துத் திருகை இறுக்கிவையுங்கள். பென்சில் கூர்மையாக இருக்கட்டும்.

வரைபடத்தில் அட்டவணை, அளவுத்திட்டம், அச்சுகளின் பெயர், புள்ளிகள், கடைசியில் தீர்வு. இருபடிச் சமன்பாட்டின் புள்ளிகளை ஸ்கேலால் இணைப்பது வழக்கமாக நடக்கும் பிழை. அது வளைகோடு, கையால் இழுக்க வேண்டும். நேர் மாறலுக்குத்தான் நேர்கோடு, எதிர் மாறலுக்கு மறுபடி வளைகோடு.

தேறுமா என்று பயப்படும் பிள்ளையோடு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்: ஒரு மதிப்பெண்ணில் 10, வரைதலில் 13, இரண்டு மதிப்பெண் வினாவில் ஆறு சரியாக வந்தால் 12. சேர்த்தால் 35. ஐந்து மதிப்பெண் ஒன்றுகூட எழுதாமலே தேர்ச்சி. கண் முன்னால் இப்படி எண்ணிக்கை வந்ததும் பயம் இறங்கி, ஐந்து மதிப்பெண்ணிலும் கை வைக்கத் தோன்றும். தேர்ச்சிக்கு வேண்டிய முக்கிய வினாக்களை மட்டும் தொகுத்துப் பள்ளிகளில் கொடுக்கும் மினிமம் மெட்டீரியல் இந்த வகைப் பிள்ளைக்கு நல்ல ஊன்றுகோல். பதினொன்றில் கணிதப் பிரிவு எடுக்க நினைக்கும் பிள்ளை அதை மட்டும் படித்தால், அடுத்த வருடம் முதல் மாதத்திலேயே தடுமாறும்.

டியூஷன்

விடைத்தாள் கணக்கில் "தெரியாது" என்பது பெரிதாக இருக்கும் பாடத்துக்கு மட்டும் போடுங்கள். ஐந்து பாடத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில் போட்டால் பள்ளி நடத்தியதையே மறுபடி கேட்டு, எழுதிப் பார்க்க நேரம் இல்லாமல் போகும். திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ மதுரைக்கு வந்து போக வேண்டும் என்றால் பஸ் நேரத்தையும் கூட்டுங்கள். போக வர தினம் ஒன்றரை மணி என்றால் வாரம் ஆறு நாளுக்கு ஒன்பது மணி நேரம். பக்கத்திலேயே நடந்து போகும் தூரத்தில் சுமாரான ஆசிரியர் இருந்தாலும் அது லாபம். சேர்த்த ஒரு மாதத்தில் நோட்டை வாங்கிப் பாருங்கள். திருத்தின சிவப்பு மை இருக்கிறதா? வெறும் ஜெராக்ஸ் தாள்களாக இருந்தால் நிறுத்திவிடலாம்.

திருவிழாவும் விசேஷமும்

மதுரைப் பக்கத்தில் படிக்கிற பிள்ளைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை சோதனைக் காலம். பொங்கலும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் முடிந்த கையோடு திருப்புதல் தேர்வு. மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயில், இரவு முழுக்க விழிப்பு. பங்குனியில் தெருவுக்குத் தெரு மாரியம்மன் பொங்கல், மைக் செட். சரியாக அப்போதுதான் பொதுத்தேர்வு. சித்திரைத் திருவிழா வருவதற்குள் பெரும்பாலும் தேர்வு முடிந்துவிடும் என்பது ஒன்றே ஆறுதல்.

எதையும் தடுக்க வேண்டாம், திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காலண்டரில் இப்போதே குறித்து, சிவராத்திரிக்கு அடுத்த இரண்டு நாளில் கனமான பாடம் வைக்காதீர்கள். அந்தத் தூக்கம் திரும்பி வரவே அவ்வளவு ஆகும். காதுகுத்து, கல்யாணம் என்றால் வீட்டிலிருந்து ஒருவர் போய் மொய் செய்துவிட்டு வரலாம். தேர்வு நாட்களில் மைக் செட்டை இறக்கிக்கட்டவோ இரவில் சீக்கிரம் நிறுத்தவோ கோயில் கமிட்டியிடம் முன்கூட்டியே, தெருவில் உள்ள மற்றப் பத்தாவது பிள்ளைகளின் வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் பெரும்பாலும் கேட்பார்கள். அன்றைக்கு ராத்திரி போய்ச் சண்டை போட்டால் கேட்க மாட்டார்கள்.

மனசு வாடினால்

தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுப்பது, "நான் எதுக்கு இருக்கேன்" என்ற மாதிரிப் பேச்சு. இவற்றைப் படிக்கப் பயந்து போடும் நாடகம் என்று தள்ளாதீர்கள். படிப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுங்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, மருத்துவ உதவிக்கு 104, பள்ளிக்கல்வி சம்பந்தமான வழிகாட்டலுக்கு 14417 என்று அரசின் எண்கள் இருக்கின்றன. ஒரு பாடத்தில் தவறினாலும் துணைத்தேர்வு எழுதி அதே வருடம் பதினொன்றில் சேர வழி உண்டு. இதை இப்போதே, எதுவும் நடப்பதற்கு முன்பே, ஒரு நாள் சாதாரணமாகப் பேச்சுவாக்கில் பிள்ளையின் காதில் போட்டுவையுங்கள். தேர்வு முடிவு வந்த அன்று சொன்னால் ஏறாது.

பள்ளி மாற்றும் யோசனையும் பெயர்ப்பட்டியலும்

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையைப் பத்தாவதுக்கோ பதினொன்றுக்கோ தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி சேரும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் பள்ளியைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகின்றன. ஒரு வருட மாற்றம் இவை எல்லாவற்றையும் பாதிக்கலாம்.

பதினொன்றில் எந்தப் பிரிவு என்பதை ஜூனிலேயே முடிவு செய்ய வேண்டியதில்லை. கணிதம் எடுக்காவிட்டால் பொறியியலுக்கான வாசல் குறுகும், உயிரியல் இல்லாவிட்டால் மருத்துவம் இல்லை, பத்தாவது முடித்தே மூன்று வருடப் பாலிடெக்னிக் டிப்ளமோவுக்குப் போகலாம் என்ற மூன்றை மட்டும் பிள்ளைக்குத் தெரியப்படுத்தி வைத்தால் போதும்.

வருடத்தின் நடுவில் பள்ளியில் நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப்பட்டியல், தயாராகும். தேர்வு எழுதுபவர் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, பெற்றோர் பெயர், பயிற்றுமொழி எல்லாம் அதில் உள்ளபடியேதான் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும். பாஸ்போர்ட்டிலிருந்து வேலை வரைக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழைத்தான் காட்டுவோம். அச்சான பின் திருத்துவது பெரிய அலைச்சல். அதனால் இந்த மாதமே பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப்பாருங்கள். ஆங்கிலத்தில் ஒன்றில் ஒரு எழுத்து கூடவும் மற்றதில் குறையவும் இருப்பது சாதாரணம். வித்தியாசம் இருந்தால் ஆதாரை முதலில் திருத்திக்கொண்டு, நகல்களைப் பள்ளி அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள். பட்டியலைச் சரிபார்க்கக் கூப்பிடும் நாளில் பிள்ளையை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போய், முழுவதையும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.